'ஸ்பிரிட்ஸ் ஹோம்கமிங்' படத்தைத் திரையிட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய கொரியச் சிறுமிகளைப் பற்றி இயக்குநர் சோ ஜங்-ரே எடுத்து, 2016இல் வெளியான இப்படத்தை எங்கள் வாசகர் வட்டத்தில் திரையிட விரும்புகிறோம். அக்கொடுமையிலிருந்து உயிர்தப்பிய காங் இல்-சுல் முதுமையில் வரைந்த, குழிக்குள் தீயில் பெண்கள் எரிவதைக் காட்டும் ஓவியமே இதற்கு வித்து. முதலீடு கிடைக்காமல் பல்லாண்டுகள் தடைபட்டு, சுமார் 75,000 பொதுமக்களின் நன்கொடையால் முடிக்கப்பட்ட படம் இது. உரிய அனுமதியின்றித் திரையிட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அனுமதி பெறும் வழி அறிந்தவர்களும், தமிழ் சப்டைட்டிலை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அளவுக்குக் கொரிய மொழி தெரிந்தவர்களும் அருள்கூர்ந்து இங்கேயே பதிலளியுங்கள். கல்லூரி மாணவியரும் வரவிருப்பதால், எந்தக் காட்சிகளைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பதையும் படம் பார்த்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.