மறைத்து வைக்கவும் காசு வேண்டும்

மாதம் ஒரு டப்பா, முப்பது மாத்திரை. வாங்கி வெளியே வந்ததும் முதல் வேலை, டப்பா மேல் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி எடுப்பது. அப்புறம் கொஞ்சம் பஞ்சை உள்ளே திணிப்பேன். இல்லையென்றால் பஸ் குலுங்கும்போது சத்தம் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் "என்ன மாத்திரைங்க?" என்று கேட்டால் தைராய்டு என்பேன். உண்மையில் அது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து. பல வருடமாக இப்படித்தான்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போவார். 2003 ஐப்பசியில் இறந்துவிட்டார். அப்போது இந்தக் கூட்டு மருந்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இருந்த ஒன்றரைப் பவுனும் சில மாதத்தில் கரைந்தது. 2004 ஏப்ரலில் சென்னை தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் ஆறு மாதம்கூட இல்லை. அதை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னையும் பிள்ளையையும் திண்ணைக்கு மாற்றினார், அவ்வளவுதான். தட்டு தனி, டம்ளர் தனி, துவைக்கிற கல்லும் தனி. பிள்ளைக்கு நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. தாளைத் தொட்டாலே வந்துவிடும் என்று பயம்.

கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனேன். மாதம் ஒரு நாள் லீவு, அதுவும் எப்போதும் அதே வாரத்தில். "மாசாமாசம் எங்கம்மா போறே?" என்று மேஸ்திரி கேட்பார். ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கிற நம்பிக்கை மையமும் மருந்து கொடுக்கிற அறையும் பக்கத்துப் பக்கத்தில். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எதற்கு வந்திருக்கிறோம் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். நாலே நாளில் பண்ணையில் கணக்கு முடித்துவிட்டார்கள். "தப்பா நினைக்காதே கண்ணு, முட்டை யாவாரம் ஆகோணுமல்ல" என்றார் முதலாளி. அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்கப்புறம் மருந்து வாங்குவதைச் சேலத்துக்கு மாற்றிக்கொண்டேன், அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. இப்போது பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறையில் நூல் தார் சுற்றுகிறேன். பக்கத்திலேயே ஈரோடு இருக்கிறது. ஆனால் பட்டறையில் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். சேலம் போகிற பஸ் டவுன் பஸ் இல்லையே. ஒரு நாள் கூலியும் போய், பஸ் காசும் போகும். மாத்திரை இலவசம்தான். யாருக்கும் தெரியாமல் அதை வாங்குவதற்குத்தான் செலவு.

2019இல் கர்ப்பப்பை ஆபரேஷன். காலை ஏழு மணிக்கே தயாராக்கி உட்காரவைத்து, எல்லோரையும் முடித்துவிட்டுக் கடைசியாக என்னை எடுத்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா அதுவரை எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் படித்த பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டார். இதையெல்லாம் தடுக்கிற சட்டம் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது என்று பின்னால்தான் மருந்து கொடுக்கிற இடத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் சொன்னார். ஆனால் புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமே?

* * *

அக்கா, நான் சென்னையில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக நானும் மாத்திரை சாப்பிடுகிறேன். தனியார் டாக்டரிடம் காரில் போய்விட்டு வருவேன். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வரும், மருந்து கூரியரில் வரும். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. இதை நான் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும், சம்பளம் சமாளிக்கிறது என்று புரிந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் சம்மதம் இல்லாமல் நோயைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதும், வைத்தியம் பார்க்க மறுப்பதும், வாடகைக்கு வீடு தர மறுப்பதும் தவறு. வழக்கு நடக்கும்போது பெயரை மறைத்து வேறு பெயரில் நடத்தும்படி கேட்கவும் அதிலேயே இடம் இருக்கிறது.

இன்னொன்று. மருந்தை விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால்கூட அடுத்தவருக்குப் பரவாது. டம்ளரால் என்றைக்குமே பரவியதில்லை.

* * *

தம்பி, வேறு பெயரில் நடத்தலாம் என்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். அடுத்த முறை போகும்போது கவுன்சிலரிடம் கேட்டு முழுதாகத் தெரிந்துகொள்கிறேன். என் மாதிரி அந்த பெஞ்சில் உட்காரும் இன்னும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது எனக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். வருடத்துக்கு நாலு தடவை போனால் போதும், எட்டு நாள் கூலி மிச்சம். சேலம் பஸ் ஸ்டாண்டில் ஓரமாக உட்கார்ந்து மூன்று தாள் சுரண்ட வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான்.