அப்வோட், டவுன்வோட்: பொத்தானில் என்ன எழுதலாம்?

பொருள்: [கலைச்சொல்] அப்வோட் / டவுன்வோட்

அனைவருக்கும் வணக்கம்.

உரையாடல் மென்பொருளின் தமிழாக்கத்தில் கருத்துகளுக்கு வாக்கிடும் பகுதி மட்டும் மிச்சம் இருக்கிறது. அப்வோட் ஒரு கருத்தைப் பட்டியலில் மேலே கொண்டுபோகும், டவுன்வோட் கீழே தள்ளும். கோப்பில் இப்போது மூன்று இணைகள் கலந்து கிடக்கின்றன: ஆதரவு வாக்கு / எதிர்ப்பு வாக்கு, விருப்பு வாக்கு / வெறுப்பு வாக்கு, மேல்வாக்கு / கீழ்வாக்கு. பொத்தானில் ஒன்று வருகிறது, அறிவிப்பு மடலில் வேறொன்று வருகிறது. ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

தேர்தல் வாக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. எண்ணி முடித்தால் வேலை தீர்ந்தது. இங்கே எவரும் வெல்வதோ தோற்பதோ இல்லை. இருநூறு கருத்துகளில் எதை முதலில் காட்டுவது என்று கணிக்கும் நிரலுக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. அதனால்தான் ‘ஆதரவு / எதிர்ப்பு’ எனக்கு உறுத்துகிறது. ‘எதிர்ப்பு’ என்று எழுதி வைத்தால், தமக்கு உடன்பாடில்லாத கருத்திலெல்லாம் வாசகர் அதை அழுத்துவார். தகவலோடு எழுதிய மாற்றுக் கருத்து பட்டியலின் அடிக்குப் போய்விடும். பொத்தானில் இருக்கும் சொல்லே தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடும்.

என் பரிந்துரை: உயர்த்து / தாழ்த்து.

மறு: [கலைச்சொல்] அப்வோட் / டவுன்வோட்

அன்பின் நண்பர்களுக்கு,

> விருப்பு வாக்கு / வெறுப்பு வாக்கு

இதை உடனே நீக்கிவிடுங்கள். இலங்கையில் விருப்பு வாக்கு என்பதற்கு வேறு பொருள் நிலைத்துவிட்டது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்த பின், அந்தக் கட்சி வேட்பாளர்களில் மூவர் வரை தெரிவுசெய்து இடும் வாக்குதான் அது. 1989 தேர்தலில் இருந்து இந்தச் சொல் செய்தித்தாள்களில் புழங்குகிறது. ‘உங்களுக்கு 12 விருப்பு வாக்குகள்’ என்று அறிவிப்பு வந்தால் எங்கள் வாசகர் தேர்தலைத்தான் நினைப்பார்.

> உயர்த்து / தாழ்த்து

‘உயர்த்து’ நல்ல சொல். ‘தாழ்த்து’ ஆகாது, ஐயா. பொத்தானில் அது சின்னச் சொல்லாகத் தெரியலாம். ஆனால் அறிவிப்பில் ‘உங்கள் கருத்து தாழ்த்தப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையாக வரும். அந்த வடிவம் தமிழில் சாதி ஒடுக்குமுறையின் சுமையோடு வருகிறது. அதை எழுதியவரிடம் அப்படிச் சொல்லக்கூடாது.

எந்தச் சொல்லை எடுத்தாலும் இப்படி எல்லா வடிவங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும்: பொத்தானில் ஏவல், அழுத்திய பின் இறந்தகாலம், அறிவிப்பில் செயப்பாட்டு வினை, எண்ணிக்கையோடு பெயர்ச்சொல், திரும்பப் பெறும்போது எதிர்மறை. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு அம்புக்குறி தெரியாது. சொல் மட்டுமே கேட்கும். ஆகவே பொத்தானின் விவரக்குறிப்பில் முழுச் சொல் இருக்க வேண்டும்.

ஏற்று / இறக்கு என்று வைத்தால் என்ன?

மறு: மறு: [கலைச்சொல்] அப்வோட் / டவுன்வோட்

நண்பர்களே,

‘தாழ்த்து’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ‘ஏற்று’ என்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. தனியாக நிற்கும்போது அதை ‘ஏற்றுக்கொண்டு’ என்றும் படிக்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற கேள்வி-பதில் தளங்களில் கேள்வி கேட்டவர் ஒரு பதிலை ‘ஏற்பது’ தனிச் செயல். இரண்டும் அருகருகே வந்தால் குழப்பம்தான். முன்னொட்டுச் சேர்த்து மேலேற்று / கீழிறக்கு என்றால் ஐயம் இல்லை. மேலேற்றினீர்கள், கீழிறக்கப்பட்டது, 7 மேலேற்றம் என எல்லா வடிவமும் இயல்பாக வருகின்றன.

‘வாக்கு’ இல்லாமல் போவது நல்லதே. இந்த இரண்டு செயல்களுக்கும் ஒரே எடை இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலை மேலேற்றினால் எழுதியவருக்கு 10 புள்ளி கூடும். கீழிறக்கினால் 2 குறையும், கீழிறக்கியவருக்கும் 1 குறையும். மேலேற்ற 15 புள்ளி இருந்தால் போதும், கீழிறக்க 125 வேண்டும். ஹாக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் புதியவருக்குக் கீழிறக்கும் அம்பே தெரியாது. ஆளுக்கு ஒரு வாக்கு, எல்லாம் சமம் என்ற தேர்தல் நினைவை இங்கே கொண்டுவருவது பொருந்தாது.

வரிசைப்படுத்தும் பட்டியலுக்கான சொற்களையும் இதோடு பாருங்கள். ‘டாப்’, ‘பெஸ்ட்’ இரண்டையும் கோப்பில் ‘சிறந்தவை’ என்றே எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ‘டாப்’ என்பது மேலேற்றத்திலிருந்து கீழிறக்கத்தைக் கழித்த எண். ரெடிட் உரையாடல் தளம் 2009இல் கொண்டுவந்த ‘பெஸ்ட்’, புள்ளியியலாளர் எட்வின் வில்சன் 1927இல் தந்த நம்பக இடைவெளியின் கீழ் எல்லையைக் கணக்கிடுகிறது. அதாவது, இதுவரை விழுந்த வாக்குகளை வைத்து, மேலேற்றங்களின் உண்மையான விகிதம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுகிறது. ஒரு கருத்துக்கு 40 மேலேற்றம், 20 கீழிறக்கம். மற்றொன்றுக்கு 10 மேலேற்றம், 1 கீழிறக்கம் என்று வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் 20க்கு 9, முதலாவது முந்தும். 95 விழுக்காட்டு நம்பகத்தில் கீழ் எல்லையைப் பார்த்தால் முதலாவதுக்கு 0.54, இரண்டாவதுக்கு 0.62, வரிசை மாறிவிடுகிறது. ஒரே ஒரு மேலேற்றம் மட்டும் பெற்ற கருத்து, நூற்றுக்கு நூறு என்றாலும், 0.21இல்தான் நிற்கும். முந்தி வந்து எழுதியவரே மேலே உட்கார்ந்துகொள்வதை இது ஓரளவு தடுக்கிறது. ஆகவே ‘டாப்’ = மிகுபுள்ளி, ‘பெஸ்ட்’ = நன்மதிப்பு வரிசை. இரண்டாவதற்கு இதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் மகிழ்வேன்.

‘ஸ்கோர்’ என்பதற்கு ‘மதிப்பெண்’ வேண்டாம், அது தேர்வுத்தாள் திருத்துவது. ‘புள்ளி’ போதும்.

ஒருவர் தன் கருத்துகளால் சேர்த்த மொத்தப் புள்ளியான ‘கர்மா’ என்பதைக் ‘கருமம்’ என்று எழுதியிருப்பதை இன்றே மாற்றுங்கள். பேச்சில் அது வசைச்சொல். ‘வினைப்பயன்’ அழகாக இருந்தாலும் முற்பிறவியை இழுத்துவருகிறது. ‘நற்பெயர்’ என்றால் எவருக்கும் புரியும்: ‘உங்கள் நற்பெயர்ப் புள்ளி 340’.

குடவோலையை நினைத்து ‘ஓலையிடு’ என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பது குடத்திலிருந்து ஓலையைக் குலுக்கி எடுக்கும் முறை. பலரின் விருப்பத்தை எண்ணுவதில்லை. இங்கே பொருந்தாது.

மறு: மறு: மறு: [கலைச்சொல்] அப்வோட் / டவுன்வோட்

மேலேற்று / கீழிறக்கு எனக்கு முழு உடன்பாடு. ‘வாக்கு’ என்பதை அடியோடு துடைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த தமிழ்மணத்தின் காலத்திலிருந்து வாக்கு, ஓட்டு இரண்டும் நம் இணையத்தில் வேரூன்றியவை. பதிவுக்கு வாக்கிட்டுவிட்டு ‘த.ம. 4’ (தமிழ்மணத்தில் நான்காம் வாக்கு) என்று பின்னூட்டத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். மொத்த எண்ணிக்கையைச் சொல்லும்போது ‘வாக்குகள்’ இருக்கட்டும். போலிக் கணக்குகள் வைத்துத் தன் கருத்தைத் தானே மேலேற்றிக்கொள்வதற்குக் ‘கள்ள ஓட்டு’ என்பதைவிடத் தெளிவான சொல் நம்மிடம் இல்லை.

இணைப்பை வேறிடத்தில் பகிர்ந்து, கூட்டமாக வந்து கீழிறக்குவதை ‘வாக்குப் படையெடுப்பு’ எனலாம்.

புள்ளியை மறைத்து வைக்கும் வசதிக்கான வரியைக் கவனமாக எழுத வேண்டும். மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான சோதனையில், புதிய கருத்துகளுக்கு ஆய்வாளர்களே குருட்டாம்போக்கில் ஒரு மேலேற்றம் கொடுத்தார்கள். அந்த ஒன்றைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் மேலேற்ற, இறுதிப் புள்ளி சராசரியாக 25 விழுக்காடு கூடியது. பொய்யான கீழிறக்கத்தையோ வாசகர்களே ஈடுகட்டிவிட்டார்கள். கோப்பில் உள்ள ‘புள்ளி மறைக்கப்பட்டது’ என்பது ஏதோ தண்டனை போல ஒலிக்கிறது. ‘புள்ளி பின்னர் காட்டப்படும்’ என்று போடுவோம்.

விதிமீறிய கருத்தைச் சுட்டிக்காட்டும் ‘ஃப்ளாக்’ பொத்தானில் ‘கொடியிடு’ என்று இருக்கிறது. தமிழில் அதற்குப் பொருளே இல்லை. ‘முறையிடு’ என்று மாற்றலாம். அது தளத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநரின் பார்வைக்குப் போகும், கீழிறக்கம் போகாது. இந்த வேறுபாடு தெரியாமல் வசவுப் பேச்சைக் கீழிறக்கிவிட்டு நகர்ந்தால் அது அங்கேயே கிடக்கும். கருத்தாளர்களைப் பற்றிய 2014 ஆய்வு ஒன்றில், கீழிறக்கம் பெற்றவர்கள் திருந்தவில்லை. தரம் குறைந்ததை இன்னும் அதிகமாக எழுதினார்கள், பிறரையும் கீழிறக்கத் தொடங்கினார்கள். எனவே கீழிறக்கு பொத்தானை அழுத்தியதும் காரணம் கேட்கும் சிறு பட்டியல் வேண்டும். ஸ்லாஷ்டாட் செய்தித் தளத்தில் உள்ளதுபோல: பொருளுக்குப் புறம்பு, கூறியது கூறல், சீண்டல். நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லும் ‘கூறியது கூறல்’ இந்த இடத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது.

திரும்பப் பெறும் பொத்தானுக்கு ‘நீக்கு’ என்று எழுதாதீர்கள். கருத்தே அழிந்துவிடும் என்று பயந்து எவரும் தொடமாட்டார். ‘திரும்பப் பெறு’ என்று இருக்கட்டும். எண்ணிக்கை வரிகளில் ‘%d-க்கு’, ‘%d-ஐ’ (%d இருக்கும் இடத்தில் மென்பொருள் எண்ணை நிரப்பும்) என்று வேற்றுமை உருபை எண்ணோடு ஒட்டாமல், ‘மேலேற்றம்: %d’ என்று எழுதினால் ஒருமை பன்மைத் தொல்லையும் போய்விடும்.