காட்டுல பாலாக் இழுக்க புல்டோசரா, லாக்ஃபிஷரா?

செந்தூல் கதிர்
எல்லாருக்கும் வணக்கம். மாமா ரவாங்ல எக்ஸ்கவேட்டர் வாடகைக்கு விடுறாரு, இப்ப பேராக் பக்கம் காட்டுல பாலாக், அதான் வெட்டுன மரக்கட்டை, இழுக்குற வேலை ஒன்னு கேட்டு வந்திருக்காங்க. புல்டோசர் போட்டாதான் டன் ஏறும்னு ஒருத்தர் சொல்றாரு, கேபிள் மெஷின் போட்டா காடு தப்பிக்கும்னு இன்னொருத்தர். எதை நம்பறது?

பட்டர்வொர்த் மணியம்
தம்பி, புல்டோசர் மரம் விழுந்த இடத்துக்கே போயாகணும், போற வழியெல்லாம் பிளேடால மேல் மண்ண வழிச்சிக்கிட்டே போகும், மரத்துக்கு மரம் ஒரு பாதை. நீ சொன்ன கேபிள் மெஷின், லாக்ஃபிஷர், ரோட்டு மேலயே நிக்கும். அதுவும் எக்ஸ்கவேட்டர் பாடிதான், நீளமான கையும் கம்பிய சுத்தி இழுக்குற பெரிய வின்ச்சும் மாட்டியிருப்பாங்க, ஆளு கம்பிய இழுத்துக்கிட்டு பள்ளத்துல இறங்கி கட்டைல மாட்டிட்டு ஒதுங்கிருவான், 100 மீட்டருக்கு அந்தப்பக்கம் கிடக்கறத கூட மேல ஏத்திரும். மேட்டு காட்டுக்கு இதான் சரி. ஆனா கம்பி உரசுன மரத்துல பட்டை உரிஞ்சிரும், அத பாத்து இழுக்கணும். கம்பி போற கோட்டுல யாரும் நிக்கக்கூடாது, அறுந்தா உயிர் போயிரும்.

கெப்போங் லெட்சுமி
டன் கணக்கு மட்டும் பாக்காதீங்க கதிர். தீபகற்ப மலேசியாவுல 1978லேர்ந்து தேர்ந்தெடுத்து வெட்டுற முறைதான், அதே காட்டுக்கு 30 வருஷம் கழிச்சு திரும்ப வரணும்னா இப்ப நிக்கிற நடுத்தர மெரந்தி மரமும் மரக்கன்னும் பிழைக்கணும். கனமான மெஷின் ஒரே தடத்துல முதல் சில தடவை போறப்பவே மண்ணு பெரும்பாலும் இறுகிரும், அப்புறம் தண்ணி உள்ள இறங்காது, தடத்து வழியா ஓடி நேரா ஆத்துல சேறா கலக்கும். அதனால பாதைய முன்னாடியே வரைபடத்துல போட்டு, ஒரே பாதைய திரும்பத் திரும்ப ஓட்டறது நல்லது. சபாவுல டெராமகோட் காட்ட பாருங்க, இப்படி பாதிப்ப குறைச்சு வெட்டித்தான் 1997ல காட்ட பொறுப்பா நடத்துறாங்கன்னு குடுக்குற எஃப்எஸ்சி சான்றிதழ் வாங்குனாங்க.

செந்தூல் கதிர்
நன்றிக்கா. மழை நாள்ல என்ன பண்றது? டன்னுக்கு இவ்ளோன்னுதான் கூலி பேசறாங்க.

பட்டர்வொர்த் மணியம்
அங்கதான் காடு கெடுது தம்பி! டன்னுக்கு கூலின்னா டிரைவர் ஈர மண்ணுலயும் இறக்கத்தான் செய்வான், வீட்டுக்கு காசு வேணுமே. மழைக்கு நிறுத்துற நாளுக்கும் அடிப்படை கூலி உண்டுன்னு மாமாவ எழுதி வாங்க சொல்லு. ரோடு வரைபடமும் வெட்டறதுக்கு டேக் அடிச்ச மர லிஸ்ட்டும் கைக்கு வராம விலை சொல்ல வேணாம், மெஷின் எதுன்னு அப்புறம் பேசிக்கலாம்.