ஜெர்மனியில் பனிக்காலத்தில் பைக் ஓட்டலாமா? புதிதாக வந்தவர்களுக்கு

நவம்பர் பிறந்தாலே புதிதாக வந்த தம்பி தங்கைகள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பனி படிந்த சாலையில் கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். இருசக்கர வாகனங்களுக்கு 2017 முதல் விலக்கு உண்டு. அப்படி அந்த டயர் இல்லாமல் ஓட்டுபவருக்கு மூன்று கடமைகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன், போக வேண்டிய இடத்துக்கு வேறு வாகனத்தில் போக வழி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வேகமானி காட்டும் எண்ணில் பாதியளவு மீட்டராவது முன்னால் போகும் வண்டியிலிருந்து விலகியிருக்க வேண்டும். 40-ல் போனால் 20 மீட்டர். இவற்றில் முதலாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மியூனிக்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ வசிக்கும் ஒருவர், வாசலுக்குப் பக்கத்திலேயே ரயில் இருக்கும்போது பனியில் பைக்கை எடுப்பதற்குக் காரணமே இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்? உலர்ந்த தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 12 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய பனியில் அதே வண்டிக்கு 50 மீட்டர் வரை தேவைப்படும். வழுவழுப்பான பனிக்கட்டியில் 100 மீட்டரை நெருங்கும். கார் வழுக்கினால் நான்கு சக்கரங்களில் நின்றபடி சறுக்கும். பைக்கின் முன்சக்கரம் வழுக்கினால் நாம் விழுவோம், பின்னால் வரும் காராலும் நிறுத்த முடியாது. எனக்குப் பெரிய பயம் அந்தப் பின்னால் வரும் கார்தான்.

கண்ணுக்குத் தெரியும் பனியைவிடத் தெரியாத பனிக்கட்டி மோசமானது. சாலை வெறுமனே ஈரமாக இருப்பதுபோல்தான் தோன்றும். பாலத்தின் அடியிலும் குளிர்காற்று வீசுவதால், மற்ற சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். வெயில் படாத காட்டு வளைவுகளும் அப்படித்தான். வெப்பமானி 3 டிகிரி காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். காற்றைவிடத் தரை குளிர்ந்திருக்கலாம்.

வழியில் மாட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யுங்கள். இரண்டாவது கியரில், கிளட்ச்சை இதமாக விட்டு நகருங்கள். வண்டியைச் சாய்க்காமல், நிமிர்த்தியபடியே திருப்புங்கள். வேகத்தை இன்ஜினாலும் பின்பிரேக்காலும் குறையுங்கள். முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, இல்லாத பிடிப்பைக் கொண்டுவராது. கார்கள் போய்த் தார் தெரியும் தடத்திலேயே செல்லுங்கள். டிராம் தண்டவாளத்தையும் சாலையின் வெள்ளைக் கோடுகளையும் நேராகக் கடந்துவிடுங்கள்.

சிக்னலில் நிற்கும்போதும் கவனம் வேண்டும். கால் ஊன்றும் இடம் பனிக்கட்டியாக இருந்தால் பூட்ஸ் வழுக்கும். 180 கிலோ வண்டி அந்தப் பக்கம் சரியத் தொடங்கினால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. நிற்பதற்கு முன்பே தரையைப் பார்த்து, தார் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

குளிரும் விபத்துக்குக் காரணமாகும். பூஜ்ஜியம் டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடலுக்கு அது மைனஸ் 8 போல உறைக்கும். விரல் மரத்துவிட்டால் கிளட்ச்சும் பிரேக்கும் கைக்குப் பிடிபடாது. சூடேறும் கைப்பிடியும், ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படியாமல் தடுக்கும் உட்தகடும் வாங்குங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஸ்கூட்டரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சாலை உறைந்திருக்கும் மாலையில், ‘இன்று ஓட்ட முடியாது’ என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு மாலைக் கூலி போகட்டும். கால் முறிந்தால் ஒரு செமஸ்டரே போய்விடும். ஸ்கூட்டருக்குக் குளிர்கால டயர் கிடைக்கிறது. தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் மாட்டியே ஆகுங்கள்.

பனியில் ஓட்டுபவர்களும் இந்த நாட்டில் உண்டு. 1956-ல் தொடங்கிய ‘எலிஃபான்டன்ட்ரெஃபன்’ சந்திப்புக்காகக் குளிர்காலத்தின் நடுவே பவேரியக் காட்டுக்கு வந்து கூடாரத்தில் தங்குகிறார்கள். அங்கே சைடுகார் பூட்டிய வண்டிகள் நிறைய வரும். மூன்றாவது சக்கரம் இருப்பதால் வழுக்கினாலும் வண்டி சாய்ந்துவிடாது.

மற்றவர்கள் பருவகால நம்பர் பிளேட் எடுப்பது நல்லது. 03, 10 என்று மாதங்கள் பொறித்திருந்தால் மார்ச் முதல் அக்டோபர் வரைதான் ஓட்டலாம். வரியும் காப்பீடும் அந்த மாதங்களுக்கு மட்டும்தான். மற்ற மாதங்களில் பொதுச்சாலையில் நிறுத்திவைக்கக்கூடக் கூடாது என்பதால், முதலில் ஒரு கராஜுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சாலை உப்பு பட்டிருந்தால் செயினைக் கழுவி எண்ணெய் விடுங்கள்.

மார்ச்சில் வண்டியை வெளியே எடுக்கும்போது பனி போயிருக்கும், ஆனால் வழுக்காமலிருக்கத் தூவிய சரளை வளைவுகளில் அப்படியே கிடக்கும். நகராட்சி வண்டி அதைக் கூட்டி அள்ளும்வரை நிதானமாகவே திரும்புங்கள்.