வாராந்திரக் கூட்டத்தில் நான் மட்டுமே பேசுகிறேன்

கேள்வி (மேற்பார்வையாளர், கிருஷ்ணகிரி):
வணக்கம். மாங்கூழ் ஆலை ஒன்றில், பழங்களைக் கழுவிக் காம்பும் அழுகலும் நீக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பு. என்னிடம் வேலை செய்யும் 18 பேரில் 14 பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள். சனிக்கிழமைதோறும் ஷிப்டு முடிந்ததும் அரை மணி நேரம் கூட்டம் நடத்தி, சீர்செய்ய வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஆறு வாரங்களில் 23 குறைகள் சேர்ந்துவிட்டன. தீர்ந்தவை இரண்டே இரண்டு. நான் பேசுவேன், அவர்கள் தலையாட்டுவார்கள், அதற்குள் பஸ் வந்துவிடும். பெங்களூரா ரக மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் இந்த நேரத்தில் கூட்டத்தையே நிறுத்திவிடலாமா?

பதில் 1 (ஓசூர்):
நிறுத்த வேண்டாம் ஐயா, நேரத்தை மாற்றுங்கள். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவன் நான். எங்கள் பிரிவில் ஷிப்டு தொடங்கும்போது பலகை முன் நின்றபடியே பத்து நிமிடம் பேசுகிறோம். பலகையில் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளுக்கு மேல் இருக்காது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொறுப்பேற்றவர் பெயரும் முடிக்கும் தேதியும் இருக்கும். 1962-இல் ஜப்பானில் தரக் கட்டுப்பாட்டு அறிஞர் இஷிகாவா தொடங்கிவைத்த தர வட்டத்தில் (தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடி வேலையின் குறைகளைத் தீர்க்கும் முறை), எந்தக் குறையை முதலில் எடுப்பது என்பதை வேலை செய்பவர்களே முடிவு செய்தார்கள். உங்கள் 23 குறைகளையும் தேர்ந்தெடுத்தவர் யார்?

பதில் 2:
அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி உண்டா?

பதில் 3 (தருமபுரி):
தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தொடங்கப்பட்டது நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டமாகவில்லை. ஆகவே அந்த 14 பேரில் பலர் குழு உறுப்பினர்களாக இருக்கக்கூடும். போன கூட்டத்தின் தீர்மானத்தை வாசிப்பது, யார் எதை முடித்தார் என்று கேட்பது, கையெழுத்து வாங்குவது எல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை. உங்கள் முன்னால் வாய் திறக்காத அம்மா, தம் குழுவில் தவணை தவறியவரிடம் முகத்துக்கு நேரே கணக்குக் கேட்பவராக இருக்கலாம். நோட்டை வாரம் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

கேட்டவர் (இரண்டு வாரங்கள் கழித்து):
கூலி இல்லை என்பது உண்மை. கேட்டபோது சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது ஷிப்டு நேரத்துக்குள்ளேயே கூடுகிறோம். நோட்டை வாங்கிய அம்மா முதலில் எழுதியது கத்தியைப் பற்றி. காலையில் மட்டுமே சாணை பிடிப்பதால் மூன்று மணிக்கெல்லாம் முனை மழுங்கி, ஒரே காம்புக்கு இரண்டு வெட்டு போட வேண்டியிருக்கிறதாம். மணிக்கட்டு வீங்கிய இருவர் கையை நீட்டிக் காட்டினார்கள். என் பட்டியலில் ஏழாவதாக, ‘மதியத்துக்கு மேல் வேலையில் சுணக்கம்’ என்று நான் எழுதியிருந்தது இதைத்தான். சாப்பாட்டு இடைவேளையிலும் சாணை பிடிக்க மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த ஏழாவது வரியை அவர்கள் இன்னும் வாசிக்கவில்லை. வாசிப்பதற்குள் அடித்துவிடலாமா, அப்படியே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 3 (தருமபுரி):
அடிக்காதீர்கள். அவர்கள் எதிரிலேயே வாசித்துக் காட்டுங்கள்.