மைக்ரோசாட்டிலைட்டுக்குத் தமிழ்: சிற்றடுக்கா, குற்றடுக்கா?

அனைவருக்கும் வணக்கம். பாஸ்மதி என்று சீட்டு ஒட்டிய பொட்டலத்துக்குள் இருப்பது பாஸ்மதிதானா என்று டி.என்.ஏ. சோதனையில் கண்டுபிடிப்பது பற்றி ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘மைக்ரோசாட்டிலைட்’ வந்த இடத்தில் நின்றுவிட்டேன். பழைய கோப்பில் யாரோ ‘நுண்செயற்கைக்கோள்’ என்று போட்டிருக்கிறார்கள், அதை அப்படியே விட மனம் வரவில்லை. நல்ல சொல் தாருங்கள்.
— மொழிபெயர்ப்பாளர்

அம்மா, கோளை விட்டுவிடுங்கள். சீசியம் குளோரைடு கரைசலில் டி.என்.ஏ.வை வேகமாகச் சுழற்றியபோது முதன்மைப் பட்டைக்குப் பக்கத்தில் துணைக்கோள் போலத் தனியாக ஒரு சின்னப் பட்டை நின்றது, அதனால்தான் அந்தப் பெயர். பொருள் என்னவென்றால், இரண்டு மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் (ஜிஏ ஜிஏ ஜிஏ என்பது போல) பத்து இருபது தடவை திரும்பத் திரும்ப வரும் இடம். எத்தனை தடவை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும், அதோடு அந்தத் துண்டின் நீளமும் மாறும். நெல் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்கிற பயிர், அதனால் தூய ரகம் என்றால் சோதனையில் ஓரிடத்துக்குப் பெரும்பாலும் ஒரு பட்டைதான் தெரியும். பொட்டலத்து அரிசியை மாவாக்கி, டி.என்.ஏ.வை எடுத்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டும்போது அந்தப் பட்டைக்கு மேலே மங்கலாக இன்னொன்று எழுந்தால் கலப்பைச் சந்தேகிப்போம். நாங்கள் பேசுவது ‘எஸ்.எஸ்.ஆர்.’ (சிம்பிள் சீக்வென்ஸ் ரிபீட்) என்றுதான்.
— ஆய்வகத்திலிருந்து

திரும்பத் திரும்ப வருவதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறதே! இரட்டைக்கிளவி ஆகாது, அது இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருள் தராது. இது அடுக்கு. ஆனால் நன்னூலார், செய்யுளில் ஓசை நிரப்ப அடுக்கும் இசைநிறைக்கும் நான்கைத்தான் எல்லையாக வைக்கிறார், இங்கே பத்து இருபது தடவை என்கிறீர்கள். எல்லையைத் தாண்டினாலும் அடுக்கு அடுக்குதான். குறுமை + அடுக்கு, குற்றெழுத்து போலக் ‘குற்றடுக்கு’.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, டி.என்.ஏ. என்றாலே காவல்துறை நினைவுக்கு வரும் ஊரில் ‘குற்றடுக்கு’ என்று எழுதினால் எல்லோரும் குற்றம் என்றுதான் வாசிப்பார்கள். ‘மரபுப்பொறி’ என்று வைத்தால் என்ன? பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துச் சுங்கத்தார் மூட்டைகளில் புலிப்பொறி (புலி முத்திரை) இட்டுத்தானே வெளியே விட்டார்கள்? சீட்டைச் சரிபார்க்கிற வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எது?
— ஒரு வாசகர்

புலிப்பொறி மூட்டையின் வெளியே இட்டது, அதாவது அதுவே சீட்டு. நமக்கு வேண்டியது அரிசிக்கு உள்ளேயே இருப்பது, யாரும் இடாதது. இன்னொன்று, ‘மணமரபணுவைப் பார்த்தால் போதாதா’ என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. அந்த மரபணுவில் எட்டு எழுத்து விடுபட்டு பாஸ்மதிக்கு மணம் தரும் அதே குறை தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் உண்டு, அதனால்தான் இந்த அடுக்குகளிடம் போகிறோம். பிரிட்டனில் 2005-இல் வந்த நடைமுறை விதிப்படி பாஸ்மதிப் பொட்டலத்தில் வேற்று அரிசி 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த வேற்று அரிசிக்குக் ‘கலவன்’ என்று எழுதுங்கள், வயலில் வேற்று ரகச் செடியை உழவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுக்குக்குச் ‘சிற்றடுக்கு’. சிற்றூர், சிற்றுண்டி எல்லாருக்கும் தெரியும்.
— வேளாண் விரிவுரையாளர்

சிறுமை வேறு, குறுமை வேறு. சிறுமை அளவு, குறுமை நீளம். இங்கே நீளம்தானே கணக்கு? தெரிந்த சொல் என்பதற்காகப் பிழையான சொல்லை மாணவன் கையில் கொடுக்கக்கூடாது.
— தமிழாசிரியர்

ஐயா சொல்வது சரிதான், ஆனாலும் எனக்கும் சிற்றடுக்குதான் வாயில் நிற்கிறது.
— ஆய்வகத்திலிருந்து

நன்றி. ‘சிற்றடுக்கு’, ‘கலவன்’ இரண்டையும் வைத்து நேற்றிரவு அனுப்பிவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘எஸ்.எஸ்.ஆர்.’ என்று சேர்த்திருக்கிறேன். ஐயாவின் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்கக் கேட்டேன், இடமில்லை என்றார்கள்.
— மொழிபெயர்ப்பாளர்

அடுத்த பதிப்பில் இடம் கேளுங்கள் அம்மா. குற்றடுக்குதான்.
— தமிழாசிரியர்