தண்டையார்பேட்டையில் இரண்டு பெண்கள் தனியாக வீடு எடுக்கலாமா?

தென்காசிப்பொண்ணு:
நானும் கூட வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸும் வீடு தேடுகிறோம். ஆஸ்பத்திரி ஆயிரம் விளக்கு பக்கம். அங்கே எங்கள் சம்பளத்துக்கு ஒரு ரூம்கூடத் தேறாது. தண்டையார்பேட்டையில் மாடி போர்ஷன் ஒன்று கட்டுபடியாகிறது, நேர் மெட்ரோவும் இருக்கிறது. ஆனால் வார்டில் யாரிடம் சொன்னாலும் "அங்கேயா? ரவுடி ஏரியாவாச்சே!" என்கிறார்கள். ஈவினிங் டியூட்டி முடிந்து வீடு சேர ராத்திரி பத்தேகால் ஆகும். அண்ணன் ஒரேயடியாக வேண்டாம் என்கிறான். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள், நிஜமாகவே பயமா?

அண்ணாநகர்வாசி:
வேண்டாம்ங்க. வடசென்னை என்றாலே வெட்டுக்குத்து, கஞ்சா. வாடகை கொஞ்சம் அதிகமானாலும் அயனாவரம் பக்கம் பாருங்க.

பேட்டைக்காரி:
நான் பிறந்தது, படித்தது, கட்டிக்கொடுத்தது எல்லாமே திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டித்தான். வெட்டுக்குத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்திகளைக் கடைசி வரி வரை படித்தால் முன்விரோதம், பழிக்குப் பழி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சாவதும் ஜெயிலுக்குப் போவதும் எங்கள் தெருப் பையன்கள். அந்தப் பையன் சும்மா பைக்கில் போனாலும் போலீஸ்காரர்கள் அவனை நிறுத்தி விசாரிப்பார்கள். வேலைக்குப் போனால் அட்ரஸைப் பார்த்துவிட்டு "சொல்லியனுப்புறோம்" என்பார்கள். இந்த ஏரியா ஆபத்து என்றால் முதலில் அவனுக்குத்தான், தங்கச்சி.

பத்தேகால் மணி எங்களுக்கு ராத்திரியே கிடையாது. பரோட்டா கொத்துகிற சத்தம் கேட்கும், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஆயா "யாரும்மா, எந்த வீடு?" என்று கேட்கும். முதல் மாசம் எரிச்சலாகத்தான் இருக்கும். 2016 ஜூன் 24 காலையில் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த பெண் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் வெட்டிக் கொல்லப்பட்டார். பிளாட்பாரத்தில் ஆட்கள் இருந்தார்கள், கேமராதான் இல்லை. அதற்காக நுங்கம்பாக்கத்தில் வீடு எடுக்காதே என்று யாராவது சொல்கிறார்களா?

இங்கே நான் பயப்படுவது துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்கு. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஸ்கூட்டியை எடுக்காதே. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அதே பத்தேகாலுக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நடந்து பார். வழியில் டாஸ்மாக் இருக்கிறதா, குடோன் சுவர் நீளமாக வருகிற இடத்தில் விளக்கு எரிகிறதா? அந்த மாதிரி சந்தில் இருட்டினால் நானே போக மாட்டேன், சுற்றித்தான் போவேன்.

வாடகைவீடு:
நான் திருநங்கை. இங்கே 'சேஃப்' என்று சொல்கிற ஏரியாக்களில் எனக்கு வீடே கிடைக்கவில்லை. போனில் சரி என்றவர் நேரில் பார்த்ததும் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்றார். இதே வடசென்னையில், புளியந்தோப்பில்தான் கொடுத்தார்கள். அங்கேயும் கிண்டல் உண்டு. ஒரு ராத்திரி கதவில் கல்லும் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா துடைப்பத்தோடு இறங்கினார், அதற்கப்புறம் விழவில்லை. அந்த அக்கா காலி பண்ணிப் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் பயம்தான்.

தென்காசிப்பொண்ணு:
பேட்டைக்காரி அக்கா, நேற்று ரெண்டு பேரும் நடந்து பார்த்தோம். விளக்கு எரிகிறது, டாஸ்மாக் ரெண்டு தெரு தள்ளித்தான். ஆனால் ஹவுஸ் ஓனர் அம்மா பத்தரைக்கு கேட்டைப் பூட்டிவிடுவாராம். அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஒப்படைக்கிற ஹேண்டோவர் இழுத்தால் எங்களுக்குப் பதினொன்று ஆகும். சாவி கேட்டால் கொடுப்பாரா?

பேட்டைக்காரி:
அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளு. பணம் கை மாறிய பிறகு எந்த ஓனரும் கொடுக்க மாட்டார். மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்றும் குழாயைத் திறந்து பார்த்துவிடு.